அனந்தகிரிக்கு இருபத்தைந்து மில்லி

டயரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதைப் படித்துவிட்டு என்னைக் குறைத்து எடைபோடக் கூடாது என்பதற்காக. நாமக்கல் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் படிப்போடு லாரி ஏறி ஹைதராபாத் வந்தவன் நான். நாச்சாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ரீட்ரெடிங் தொழில் தொடங்கினேன். மொட்டையாகிப்போன லாரி டயரைச் சுரண்டி, அதன்மேல் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து மறுபடி ரோட்டுக்கு அனுப்புகிற வேலை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று நிற்கிற கட்டடம் என்னுடையது. தார்நாகாவில் விஞ்ஞானிகள் குடியிருக்கிற தெருவில் வீடும் கட்டினேன். அவர்களுக்குச் சர்க்கார் வீடு கொடுத்தது. எனக்கு டயர் கொடுத்தது.

எங்கள் தொழிலில் காற்று பார்க்க மீட்டர் தேடமாட்டோம். இரும்புத் தடியால் டயரை ஒரு தட்டு. ‘டங்’ என்றால் சரி. ‘தொப்’ என்றால் குறைவு. எத்தனை பாயிண்ட் குறைவு என்பதையும் அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். என்னோடு பந்தயம் கட்டி மீட்டர் வைத்துப் பார்த்துத் தோற்ற டிரைவர்கள் விஜயவாடா வரை இருக்கிறார்கள். காற்று குறைந்த டயர் ஓட ஓட மடங்கும், மடங்க மடங்கச் சூடாகும், சூடானால் செத்துப்போகும். நாற்பது வருடமாக நான் ஓதிய வேதம் இதுதான்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு சைக்கிள் வந்தது.

கொண்டுவந்தவள் என் மருமகள். ஈரோட்டுப் பெண். மாதாப்பூரில், ஒருபக்கம் பார்த்தால் வானமும் மறுபக்கம் பார்த்தால் நம் முகமும் தெரிகிற கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. என் மகனுக்கும் அதே வேலைதான், ஆனால் அவன் உட்கார்ந்தால் எழுந்திருக்கிற ஜாதி இல்லை. இவள் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சைக்கிளோடு கிளம்பிவிடுவாள். கண்டிப்பேட்டை, சேவெள்ளா என்று எங்கெங்கோ போய்விட்டு, நான் இட்லி சாப்பிடுகிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். கூட ஒரு கூட்டம். எல்லாம் ஐ.டி. பிள்ளைகள், பல ஊர்க்காரர்கள்.

ஒருநாள் அந்தச் சைக்கிளை ஓரமாக நகர்த்தி வைக்கலாம் என்று தூக்கினேன். தூக்கின வேகத்துக்கு அது என் தோளுக்கு வந்துவிட்டது. என் பட்டறையில் ஒரு டயரைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும். இங்கே ஒரு முழு வண்டி இரண்டு விரலில் தொங்குகிறது. சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். சுற்றிற்று. நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. கிட்டத்தில் காதை வைத்தால் ஒரு வண்டு பறக்கிற சத்தம். மனிதன் செய்த பொருளா இது என்று நின்றேன்.

“அம்மிணி, எனக்கும் ஒண்ணு வேணும்” என்றேன். அறுபது தாண்டியிருந்தது.

என் வீட்டுக்காரி சமையல்கட்டிலிருந்தே பதில் சொன்னாள். “ஏனுங்க, மாடிப்படி ஏறறதுக்கே முட்டியப் புடிச்சுக்கறீங்க. சைக்கிளுக்கு ஆரப் புடிச்சுக்குவீங்க?”

வாங்கினேன். கடையில் மருமகளைப் பேசவே விடவில்லை. டயர் விஷயத்தில் நான் இருக்கும்போது இன்னொருவர் பேசலாமா? “உங்ககிட்ட இருக்கறதிலேயே ஒல்லியான டயர் எது?” என்று கேட்டேன். இருபது மில்லிமீட்டர் அகலம், சுருக்கமாக இருபது மில்லி என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். பெண்கள் கையில் போடுகிற வளையல் போல இருந்தது. ஒல்லியாக இருந்தால் ரோட்டில் உரசல் குறைவு, உரசல் குறைந்தால் வேகம். இதைச் சொல்லப் பள்ளிக்கூடம் வேண்டுமா? போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, டயரின் ஓரத்தில் எவ்வளவு காற்று தாங்கும் என்று எழுதியிருந்ததோ அதுவரைக்கும் அடித்தேன். அதற்குமேலும் தம் கட்டி ஒரு அடி அடித்தேன். பிறகு தட்டிப் பார்த்தேன். ‘டங்.’

“மாமா, கொஞ்சம் ஜாஸ்தியோ?” என்றாள் மருமகள்.

“கல்லு மாதிரி இருந்தாத்தான் அம்மிணி ஓடும். நீ லேப்டாப்பைப் பாரு.”

அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே கனவு, அனந்தகிரி. விகாராபாத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற காட்டுமலை. மேலே பெருமாள் கோயில். தார்நாகாவிலிருந்து அதிகாலை கிளம்பினால் நல்ல வெயில் வருவதற்குள் மலையடி. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏற்றம். கால் ஊன்றாமல் ஏறினவனைத்தான் ஆள் என்று மதிப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்த சில வாரத்தில், சவாரி முடிந்து கூடுகிற டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், கால் ஊன்றாமல் ஏறிக்காட்டுகிறேன் என்று. வாய் சொன்னால் நான் செய்கிறவன். அதுவரை செய்திருக்கிறேன்.

முதல் தடவை சேவெள்ளாவைத் தாண்டவில்லை.

ஊருக்குள் வழவழப்பான ரோட்டில் நான் பறந்தது உண்மை. மேதிப்பட்டணம் தாண்டி, ஊர் முடிந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் ஆலமரம் வருகிற இடத்தில் ஆரம்பித்தது வினை. ஒட்டுப்போட்ட ரோடு. ஒவ்வொரு சின்னக் கல்லும் நேராக என் பல்லுக்கு வந்தது. கண்ணுக்கு முன்னால் ஆலமரமெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கை முதலில் கூசிற்று, பிறகு மரத்தது, பிறகு பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. பக்கத்தில் மருமகள் ஏதோ ஊஞ்சலில் போகிற மாதிரி போய்க்கொண்டிருக்கிறாள். நான் இறங்கி ஒரு வேர்மேல் உட்கார்ந்தேன். விரலை மடக்க முடியவில்லை.

போவன்பள்ளி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ வந்தது. டிரைவர் என் பட்டறை வாடிக்கைக்காரர். அதுதான் கொடுமை. தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் ஒரு ஹைதராபாத்துப் பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “அங்கிள், டமாட்டா கைசா கிலோ?” என்றான். தக்காளி கிலோ என்ன விலையாம். கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து நான் டமாட்டா அங்கிள்.

என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. இன்னும் மரத்துக் கிடந்த கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். “இன்னொரு தடவை போங்க, தடுக்கல. ஆனா இன்னொரு தடவை வண்டியில ஏறி வந்தீங்கன்னா, அந்தச் சைக்கிள நம்ம இஸ்திரிக்காரருக்குக் குடுத்துப்போடுவேன். அவருகிட்டச் சொல்லியும் வெச்சுட்டேன்.”

அவள் சொன்னால் செய்கிறவள். அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. இஸ்திரிக்காரரும் மறுநாளிலிருந்து துணி வாங்க வரும்போதெல்லாம் சைக்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். ஒருநாள் சீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார். “சார், சீட் கொஞ்சம் இறக்கணும்” என்றார்.

அந்தச் சைக்கிள் போய்விடும் என்று நினைத்தபோதுதான் அதன்மேல் எனக்கு இருந்த ஆசை எவ்வளவு என்று தெரிந்தது. விடியற்காலையில், நாற்பது வருடம் லாரிச் சத்தத்திலேயே வாழ்ந்த காது, முதல்தடவையாக என் மூச்சையே கேட்டது அந்தச் சைக்கிளில்தான். அதை விட்டுவிட்டு மறுபடி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்க என்னால் முடியாது.

“டயரை மாத்துங்க மாமா” என்றாள் மருமகள். “என்னோடது இருபத்தஞ்சு மில்லி. காத்தும் உங்களுதவிட ரொம்பக் கம்மி.”

“காத்தக் குறைக்கறதா? அம்மிணி, நீ யாருகிட்டப் பேசறேன்னு தெரியுமா? காத்து குறைஞ்சு செத்த டயருக்குக் காரியம் பண்ணியே நான் பணக்காரன் ஆனேன்.”

“அது பத்து டன் லாரிங்க மாமா. இதுல நீங்க மட்டும்தான்.”

“அவரும் கொஞ்சம் டன்தான்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உங்க டயரு ஒவ்வொரு கல்லு மேலயும் குதிக்குது மாமா. மேல குதிக்கறதுக்கு ஆரு கூலி குடுக்கறாங்க? உங்க காலுதான். என்னோடது அந்தக் கல்ல முழுங்கிட்டுப் போயிருது.”

“அகலமானா உரசல் ஜாஸ்தி. ரோட்டுல ஒட்டிக்கும்.”

“எவ்வளவு ஒட்டுதுன்னு பார்த்திருக்கீங்களா?”

டயரின் எல்லா இடத்தையும் பார்த்திருக்கிறேன். உள்ளே, வெளியே, வெட்டி, உரித்து, கொதிக்கவைத்து. ஆனால் ஓடுகிற டயர் தரையைத் தொடுகிற இடம்? அது எப்போதும் அடியில் அல்லவா இருக்கிறது? யார் பார்த்தார்கள்?

“பார்த்துரலாம்” என்றேன். அவளைத் தோற்கடிக்கத்தான் சொன்னேன், மறைப்பானேன்.

ஞாயிறு மத்தியானம் கார் நிறுத்துகிற இடத்தில் வெள்ளைச் சார்ட்டுத் தாள் விரித்தோம். பட்டறையிலிருந்து முத்திரை குத்துகிற மை கொண்டுவந்து என் பின்சக்கரத்து டயரில் தடவினேன். வாசல்படியில் நின்ற வீட்டுக்காரி, “கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சத் தடவற மாதிரி என்ன கருத்தா தடவறாரு பாரு” என்றாள். மருமகள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்தேன். இறங்கினேன். சக்கரத்தைத் தூக்கித் தாளை எடுத்தோம்.

தாளில் விழுந்திருந்த மைத்தடம், ஒரு கோடு மாதிரி ஒல்லியாக, இலை வடிவத்தில். என் சுண்டுவிரல் நீளம், அதைவிட ஒல்லி.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இவ்வளவுதான் மாமா. முன்சக்கரத்துல இதவிடச் சின்னது.”

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாரி டயர் தரையில் பதிகிற இடம் ஒரு முறம் இருக்கும் என்று குத்துமதிப்பாகத் தெரியும். இது? நான், என் எலும்பு, என் தொப்பை, நான் சாப்பிட்ட அத்தனை இட்லி, எல்லாம் இரண்டு சுண்டுவிரல் அளவு கறுப்பில் நிற்கிறதா? மழையில் வளைவில் திரும்பும்போது பூமிக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற உறவு இவ்வளவுதானா? பெரிய கோயில் கோபுரத்துக்கு அடியில் நின்று மேலே பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு மலைப்பு வந்ததில்லை.

மருமகள் விடவில்லை. தன் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி என் சைக்கிளில் மாட்டினாள். அதற்கும் என் டயரில் இருந்த அதே அளவு காற்றை அடித்தாள். மறுபடி மை, மறுபடி தாள், மறுபடி ஏறி உட்கார்ந்தேன். இந்தத் தடவை விழுந்த இலை குட்டை, ஆனால் குண்டு.

“ரெண்டும் ஒரே பரப்புங்க மாமா. ஆளும் அதே, காத்தும் அதேன்னா பரப்பு மாறாது. வடிவந்தான் மாறும்.”

நம்பவில்லை. இரண்டு இலையையும் கத்திரியால் வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். ஒல்லி இலையின் இரண்டு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த நுனிகளை வெட்டிக் குண்டு இலையின் ஓரத்தில் வைத்தேன். ஏறக்குறையப் பொருந்திற்று.

“சரி, ஒரே பரப்பு. அப்புறம் ஏன் குண்டு நல்லது?”

“நீளமாப் பதியணும்னா டயரோட ஓரம் நீளத்துக்கும் மடங்கணும். குட்டையாப் பதிஞ்சா மடங்கறது கம்மி. மடங்கினா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க.”

“சூடாகும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மடங்க மடங்கச் சூடு. என் வேதம். அதை நாற்பது வருடம் டிரைவர்களுக்கு ஓதியவன் நான். என் வீட்டு வாசலில், என் மருமகள், அதே வேதத்தைத் தலைகீழாகப் பிடித்து என்னிடமே திருப்பிக் கொடுக்கிறாள். அந்தச் சூடு வருவது டீசலிலிருந்து இல்லை, என் தொடையிலிருந்து. அதை நான் யோசிக்கவே இல்லை.

பிறகு அவள் காற்றை இறக்கினாள். அந்த ‘புஸ்’ சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது. மூன்றாவது தாளில் விழுந்தது என் கட்டைவிரல் அகல இலை. முந்தினதைவிட நிறைவாக, கறுப்பாக. “ரோட்டப் புடிக்கறது இதுதாங்க மாமா” என்றாள்.

நான் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. “அகலம் நல்லதுன்னா முப்பத்திரண்டு போடு” என்றேன். கடையில் வாங்கிக்கொண்டே வந்துவிட்டேன். சக்கரத்தைப் பிடித்திருக்கிற முன் கவட்டைக்குள் அது நுழையவே இல்லை. இருபத்தெட்டு நுழைந்தது, ஆனால் மேலே பிரேக்கில் உரசிச் சக்கரம் அழுதது. கடைசியில் அவள் முதலில் சொன்ன இருபத்தைந்துக்கே வந்து சேர்ந்தேன். வண்டி எவ்வளவு இடம் கொடுக்குமோ அவ்வளவுதான் அகலம். ஆசைக்கு அளவு வைக்கிறது கவட்டை. காற்றை மருமகள் மீட்டர் வைத்து அடித்தாள், முன்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவாக. நான் தடியை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ‘டங்’ வரவில்லை. ‘தொப்’பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், என் காதுக்குத் தெரியாத ஒரு சத்தம்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிறு கிளம்பினோம். இட்லித் தூக்கோடு வீட்டுக்காரியும் மகனும் காரில் பின்னால். இட்லி எனக்காக, கார் சைக்கிளைப் பறிமுதல் செய்ய.

சேவெள்ளா ஆலமரங்கள் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், அந்தக் கடகடப்பு வரும் என்று. வரவில்லை. அதே ஒட்டு ரோடு, அதே கல். ஆனால் சக்கரம் முனகிக்கொண்டு போகிறது, தாலாட்டுக்கு முன்னால் பெண்கள் ராகம் இழுப்பார்களே, அந்த மாதிரி ‘ம்ம்ம்’ என்று. போன தடவை உட்கார்ந்த வேர் கடந்துபோயிற்று. விரலை மடக்கி விரித்துப் பார்த்தேன். உயிர் இருந்தது. ஒவ்வொரு ஆலமரமும் ஒற்றையாக, விழுதோடு, ஈரத்தோடு, முழுசாகத் தெரிந்தது. இத்தனை பெரிய மரங்களா இவை? லாரியில் இந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு மரத்தையாவது பார்த்திருக்கிறேனா?

வேகம் கூடியதா என்று கேட்பீர்கள். இளவட்டங்கள் என்னைத் தாண்டித்தான் போனார்கள். ஆனால் விகாராபாத் வந்தபோது போன தடவை சேவெள்ளாவில் இருந்த களைப்பு என் உடம்பில் இல்லை.

ஏற்றம் ஆரம்பித்தது. தூறல். ரோடெங்கும் நனைந்த தேக்கிலை. எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த அந்த டமாட்டா பையன் எழுந்து நின்று மிதித்தான். அவன் பின்சக்கரம் ஒரு சுற்று வீணாகச் சுற்றி வழுக்கிற்று, காலை ஊன்றிவிட்டான். நான் அவனைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தே மிதித்தேன். வளைவில் மேலிருந்து மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ரோட்டை முழுசாக எடுத்துக்கொண்டு வந்தது. நான் ஓரத்துக்குப் போயாக வேண்டும். ஓரத்தில் சரளை, அதன்மேல் இலை, அதன்மேல் தண்ணீர். சைக்கிள் நிற்கிற அளவுக்கு மெதுவாகிவிட்டது. சக்கரம் ஒரு நூல் நழுவிற்று. வலது கால் பெடலைவிட்டுத் தானாகக் கிளம்பிற்று.

அந்தக் கணத்தில் என் கண்முன்னால் வந்தது அந்தத் தாளில் விழுந்த கட்டைவிரல் இலைதான். அது எனக்கு அடியில் இருக்கிறது. பிடிக்கும். காலைத் திருப்பிப் பெடலில் வைத்து அழுத்தினேன். டயர் சரளையைக் கடித்தது. நான் சொல்வது வெறும் பேச்சு இல்லை, கடித்ததை இடுப்பில் உணர்ந்தேன். ரோட்டுக்கு ஏறிவிட்டேன். லாரி தாண்டிப் போகும்போது பழக்கதோஷத்தில் அதன் பின்டயரைப் பார்த்தேன். என் பட்டறை ரப்பர்தான்.

கோயில் வாசலில் கார் முந்திப்போய் நின்றிருந்தது. கூட்டம், “டமாட்டா அங்கிள் ஆ கயே!” என்று கத்தியது. வந்துவிட்டாராம். மருமகள் என் முதுகில் ஒட்டியிருந்த ஒரு தேக்கிலையை எடுத்துப் போட்டாள்.

என் வீட்டுக்காரி இட்லித் தூக்கை வைத்துவிட்டுச் சைக்கிளிடம் வந்தாள். டயர்க்காரன் பெண்டாட்டி. குனிந்து பின்டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

“ஏனுங்க, இதுல காத்தே பத்தாதேங்க. இதுலயா அத்தனை மேடும் ஏறினீங்க?”

“இதுலதான்.”

“கால் ஊனலையா?”

“அம்மிணியக் கேளு.”

மருமகள் தலையாட்டினாள். வீட்டுக்காரி இன்னொரு தடவை டயரை அழுத்தினாள். ஈரமான கட்டைவிரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அதைச் சேலையில் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னாள்.

“இஸ்திரிக்காரருக்கு நாளைக்கு ஒரு புதுச் சைக்கிள் வாங்கிக் குடுத்துருடா. வாக்குக் குடுத்துட்டேன். டயரு கொஞ்சம் அகலமாப் பாத்து வாங்கு.”